கார்டை லேமினேட் செய்யாதீர்கள், ஈரத்தைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சிறுவர் இணைப்பில், காலாண்டு விடுமுறையில் பிள்ளைகள் என்னவெல்லாம் சேகரிக்கலாம் என்று ஒரு பக்கம் வந்திருந்தது. தபால்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் எல்லாம் சொல்லிவிட்டு, இப்போது பள்ளிப் பிள்ளைகள் உயிராக வைத்திருக்கும் போகிமான் கார்டு, கிரிக்கெட் கார்டு பற்றியும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தின் அடியில் கட்டம் கட்டி மூன்று யோசனை போட்டிருந்தீர்களே, அதைப் பார்த்துத்தான் இந்தக் கடிதம். கார்டு கெடாமல் இருக்க லேமினேட் செய்துவிடுங்கள், வெயில் காலத்தில் ஃபிரிட்ஜில் வையுங்கள், பூச்சி அரிக்காமல் இருக்கப் பாச்சை உருண்டை போட்டு வையுங்கள் என்று இருந்தது. மூன்றும் தப்பு. பிள்ளைகள் அந்தக் கட்டத்தை வெட்டிச் சுவரில் ஒட்டிவைப்பார்கள், அதில் சொன்னதை அப்படியே செய்வார்கள், அதனால்தான் ஒரு வாரம்கூடத் தள்ளாமல் எழுதுகிறேன்.

நான் ஆஃப்செட் அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த ஆள். கல்யாணப் பத்திரிகை, நோட்டுப் புத்தக அட்டை, காலண்டர் என்று காகிதத்தோடுதான் என் பிழைப்பு. அச்சகத்திலேயே ஒரு மூலையில் லேமினேஷன் மெஷின் உண்டு. ஐந்தாறு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்தான், ஆறாவதோ ஏழாவதோ படிப்பான். சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தான். சிங்கப்பூரில் இருக்கும் அவன் மாமா கொண்டுவந்தது, பளபளவென்று சாய்த்துப் பார்த்தால் வானவில் ஓடும் ஃபாயில் கார்டு. 'அங்கிள், இது கிழியாம இருக்கணும், லேமினேட் பண்ணிக் குடுங்க' என்றான். கையில் பத்து ரூபாய் வைத்திருந்தான். நான் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உறையில் வைத்து மெஷினில் விட்டேன். உள்ளே போனது கார்டு, வெளியே வந்தது வேறு எதுவோ. ஃபாயிலுக்கு அடியில் பொரிப்பொரியாகக் கொப்புளம், ஓரத்தில் படம் கருத்து, ஒரு பக்கமாக வளைந்து நின்றது. அவன் அழவில்லை. கையில் வாங்கி விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான், வானவில் வரவில்லை. 'பரவாயில்ல அங்கிள்' என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் 'பரவாயில்ல' இன்னும் எனக்கு மறக்கவில்லை. காகிதம் தெரிந்த நான், கார்டைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் என் கையாலேயே அதைக் கெடுத்தேன். அதற்கப்புறம்தான் இந்தக் கார்டுகளைப் பற்றி விசாரிக்க, படிக்க ஆரம்பித்தேன், இப்போது என் மகளும் நானுமாக ஒரு எண்ணூறு கார்டு வைத்திருக்கிறோம்.

லேமினேஷன் உறையின் உள்பக்கம் முழுக்கப் பசை. அது நூறு டிகிரிக்கு மேலான சூட்டில் உருகி அட்டையின் மேல் படிந்து இறுகிவிடும். திரும்ப எடுக்க வழியே கிடையாது, உரித்தால் மையும் சேர்ந்து வரும். அடையாள அட்டைக்கு அது சரி, தினமும் கையில் புழங்குவது, படம் எப்படி இருந்தால் என்ன. சேகரிக்கிற கார்டு அப்படியில்லை, அதன் மதிப்பே அச்சகத்திலிருந்து வந்த நிலை மாறாமல் இருப்பதில்தான். அமெரிக்காவில் 1991-ல் தொடங்கிய பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன, கார்டின் நான்கு மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண் போடுவதுதான் அவர்கள் வேலை. டாப்ஸ் நிறுவனம் 1952-ல் வெளியிட்ட மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே கார்டு கசங்கிப்போனதாக வேறு பலரிடமும் உண்டு, அதற்கு இந்த விலையில் சிறு துளிதான் கிடைக்கும். எழுபது வருஷம் ஒரு அட்டைத் துண்டு சூடும் ஈரமும் படாமல் இருந்ததற்குத்தான் அந்த விலை. நம் பிள்ளைகள் கார்டுக்குக் கோடி வரும் என்று சொல்லவில்லை, அதை நினைத்துச் சேர்க்கவும் வேண்டாம். ஆசையாய்ச் சேர்த்தது பத்து வருஷம் கழித்தும் ஆசையாய்ப் பார்க்கிற மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்.

நம் ஊரில் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் பிக் ஃபன் பபிள்கம்மோடு கிரிக்கெட் கார்டு வந்தது, என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். ரன், விக்கெட் என்று சேர்த்துக்கொண்டு திரிந்தோம். அப்புறம் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு. எத்தனை ஆயிரம் கார்டு எங்கள் தெருவில் கைமாறியிருக்கும்! இன்று தேடினால் நல்ல நிலையில் நாலு கார்டு கிடைக்காது. கால்சட்டைப் பையில் வியர்வையில் ஊறியது பாதி, ரப்பர் பேண்ட் போட்டு மேரி பிஸ்கட் டப்பாவில் பரணில் வைத்தது மீதி. என்னுடையதும் பரணில்தான் இருந்தது. வீடு மாற்றும்போது திறந்தேன், ரப்பர் பேண்ட் உருகிப் பிசினாகி மேல் கார்டோடும் கீழ்க் கார்டோடும் ஒட்டியிருந்தது, நடுவில் இருந்தவை ஒரே கட்டியாகப் பலகை மாதிரி இறுகியிருந்தன. பிரிக்கப் பார்த்தேன், 'பிர்' என்று ஒரு சத்தம், ஒரு கார்டின் முகம் அடுத்த கார்டின் முதுகோடு போய்விட்டது.

சரி, அப்படியானால் கார்டைக் கெடுப்பது எது? வெயில்தானே என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், உங்கள் கட்டுரையும் சூட்டைத்தான் பெரிதாகப் பேசியது. சென்னையில் 2003 மே மாதம் 45 டிகிரி அடித்த ஊர்க்காரன்தான் நான், சூட்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கடலோரத்தில் இருக்கிற நமக்குச் சூட்டைவிட ஈரம்தான் பெரிய எதிரி. அதைவிடப் பெரியது ஈரம் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஆட்டிவைப்பது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றது எல்லாம் தானே விளங்கிவிடும்.

காகிதம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். முறுக்கு நமத்துப்போவதும் கார்டு தொளதொளவென்று ஆவதும் ஒன்றுதான். சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் தழைத்ததற்கு அந்த ஊரின் வறண்ட காற்றைக் காரணமாகச் சொல்வார்கள். அது எவ்வளவு உண்மை என்று சென்னையில் அச்சடிக்கிறவனுக்குத் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் காலையில் கட்டைப் பிரித்தால் தாளின் ஓரம் அலை அலையாக நிற்கும், நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது, ஒரு நாள் முழுக்க மெஷின் அறையிலேயே தாளைக் கிடத்தி ஆறவிட்டுத்தான் ஏற்ற முடியும்.

ஃபாயில் கார்டு விஷயம் இதிலும் ஒரு படி மேல். அதன் முகத்தில் மெல்லிய உலோகம் பூசிய பிளாஸ்டிக் படலம், பின்னால் காகித அட்டை. படலம் ஈரத்தைக் குடிக்காது, அட்டை குடிக்கும். மழைக்காலத்தில் அட்டை உப்பி நீளும்போது படலம் இடம் கொடுக்காமல் இழுத்துப் பிடிக்கும், அதனால் கார்டு முகத்துப் பக்கமாகக் குழிந்து ஓரங்கள் மேலே எழும்பும். இதையே நீங்கள் வீட்டில் தினம் பார்க்கலாம். வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன் செய்த புத்தகம் ஒன்றை மழைக்காலத்தில் மேஜைமேல் விட்டுப் பாருங்கள், அட்டை தானாகத் திறந்து வெளிப்பக்கமாகச் சுருளும். அதே காரணம்தான். ஏசி அறையில் ரொம்பக் காய்ந்துபோனால் இதற்கு நேர்மாறாக, கார்டு முதுகுப் பக்கம் வளையும், மொட்டைமாடியில் காயும் அப்பளம் மாதிரி. என் மகளின் கார்டுகளைப் பார்த்தே வீட்டில் அன்றைக்கு ஏசி எவ்வளவு நேரம் ஓடியது என்று சொல்லிவிடலாம் என்கிற நிலைமை ஒரு காலத்தில் இருந்தது.

ஏசி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 'எங்கள் வீட்டில் ஏசி இருக்கிறது, கார்டுக்குக் கவலையில்லை' என்று நிறையப் பெற்றோர் சொல்கிறார்கள். இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் சரி, எந்த வீட்டில் ஓடுகிறது? ராத்திரி எட்டு மணி நேரம் ஓடும், காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கிக் குழாய் வழியாக வெளியே விடும், அறை காய்ந்து குளிரும். காலையில் நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறக்கிறோம். கடல்காற்று உள்ளே வருகிறது. ஏசி காரிலிருந்து இறங்கினதும் மூக்குக் கண்ணாடி பனி படர்ந்து மறைக்கும் இல்லையா, அதே பனி இப்போது அலமாரியில் திறந்து கிடக்கும் கார்டுமேலும் அதன் பிளாஸ்டிக் உறைமேலும் படர்கிறது. வெளியில் 32 டிகிரி சூடும் 70 சதவீத ஈரமும் இருந்தால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருள்மேலும் தண்ணீர் கோக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் தினமும். ஒரு வருஷத்தில் முந்நூறு தடவை நனைந்து காய்ந்த அட்டை எப்படி நேராக நிற்கும்?

ஃபிரிட்ஜ் வேண்டாம் என்பதும் இதனால்தான். உள்ளே காய்கறி, பால், ஈரம். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் ஆட்டம். வெளியே எடுத்த அடுத்த நிமிஷம் கார்டு வியர்க்கும். அந்த ஒரு வரிக்காக மட்டுமாவது நீங்கள் திருத்தம் போட வேண்டும்.

அதனால் வீட்டில் கார்டு வைத்திருக்கிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது ஈரப்பதமானிதான். கையடக்கமாகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, சூட்டையும் சேர்த்தே காட்டும். காகிதத்துக்கு 40-லிருந்து 55 சதவீதம் ஈரப்பதம், 18-லிருந்து 24 டிகிரி சூடு நல்லது. நம் ஊரில் 24 டிகிரி ஆசைப்பட முடியாது, 30 இருந்தாலும் பரவாயில்லை, ஈரம் மட்டும் அறுபதைத் தாண்டாமல் இருந்தால் போதும். எழுபதைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், முதலில் வாசனைதான் வரும், மழையில் நனைந்த சாக்குப்பை வாசனை, அப்புறம் கருநிறக் கார்டுகளில் சாம்பல் பூத்த மாதிரிப் புள்ளி தெரியும். நான் போன கார்த்திகையில் ஒரு சோதனை செய்தேன். ஈரமானி ஒன்றைப் பீரோவுக்குள் துணி அடுக்கின் பக்கத்தில் வைத்தேன், 78 காட்டியது. இன்னொன்றை ரப்பர் வளையம் வைத்து இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு வைத்து அதே பீரோவில் வைத்தேன், மறுநாள் 49. அதே வீடு, அதே அலமாரி, நடுவில் ஒரு மூடிதான்.

சிலிக்கா ஜெல் பற்றியும் முழுதாகச் சொல்ல வேண்டும், அரைகுறையாகச் சொன்னால் அதுவும் கெடுதல். அது ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்காது, வயிறு நிறைந்தால் நின்றுவிடும். நிறம் மாறும் வகையாக வாங்குவது நல்லது, ஆரஞ்சு மணி பச்சையானால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம், அடுப்பில் மெல்லிய சூட்டில் வறுத்தோ ஓவனில் வைத்தோ காயவைத்தால் திரும்ப ஆரஞ்சாகும். பழைய நீல நிற மணி இளஞ்சிவப்பாகும், அதில் கோபால்ட் உப்பு உண்டு, பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். வறுப்பதை எப்போதும் பெரியவர்களே செய்யட்டும், சமையல் பாத்திரத்தில் வேண்டாம். அப்புறம், அதிகம் போட்டுவிட்டால் முப்பதுக்குக் கீழே போய்க் கார்டு முதுகுப் பக்கம் வளையும். அதனால்தான் மானி வேண்டும் என்கிறேன். கொடுத்தும் வாங்கியும் 49 சதவீதத்திலேயே நிறுத்திவைக்கும் பொட்டலங்களும் கிடைக்கின்றன, கிடார் போன்ற மர வாத்தியங்களுக்குப் பயன்படுத்துவது, விலை கொஞ்சம் கூட, ஆனால் ஃபாயில் கார்டு நிறைய வைத்திருப்பவர்களுக்கு அதுதான் சரி. சிலிக்காவுக்குப் பதிலாக அரிசி போடலாமா என்று என் மாமியார் கேட்டார். வேண்டாம், தூசியும் வண்டும்தான் மிச்சம்.

வளைந்துபோன கார்டை நிமிர்த்த அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர், தலைகாணிக்கு அடியில் வைத்துத் தூங்குவது என்று பிள்ளைகள் என்னென்னவோ செய்கிறார்கள். சூடு காட்டவே கூடாது. உறையில் போட்டு இரண்டு தட்டையான அட்டைக்கு நடுவில் வைத்து, மேலே ஓரளவு கனமான புத்தகம் வைத்து, ஈரம் ஐம்பதில் நிற்கும் டப்பாவுக்குள் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். வளைத்தது ஈரம்தான், ஈரம் சரியானால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். என் மகளின் முப்பது கார்டில் இருபத்தாறு அப்படி நிமிர்ந்தன.

இனி உறையும் ஆல்பமும். இதில்தான் கடைக்காரர்கள் பிள்ளைகளை ஏமாற்றாமல் ஏமாற்றுகிறார்கள், அவர்களுக்கே தெரியாது என்பதால். ஸ்டேஷனரி கடையில் தொங்கும் மலிவான ஆல்பத்தைத் திறந்து மூக்கில் வைத்துப் பாருங்கள், புதுச் செருப்பு வாசனை அடித்தால் அது மிருதுவாக்கிய பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். அந்த மிருதுத்தன்மைக்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் சூட்டில் மெல்ல வெளியே கசியும், பிளாஸ்டிக் பிசுபிசுக்கும், கார்டின் மையும் அதில் ஒட்டும். நம் சித்திரை வைகாசிச் சூட்டுக்கு இது நாலைந்து வருஷத்திலேயே நடந்துவிடும். பழைய கல்யாண ஆல்பத்தில் போட்டோ பிளாஸ்டிக்கோடு ஒட்டிப்போனது எல்லார் வீட்டிலும் உண்டே, அதேதான். பாலிப்ரொப்பிலின் அல்லது பாலியஸ்டர் உறை வாங்க வேண்டும், பாக்கெட்டில் எழுதியிருக்கும், எழுதவில்லை என்றால் வாங்காதீர்கள். போகிமான் கார்டின் அளவு 63-க்கு 88 மில்லிமீட்டர், அந்த அளவுக்கான ஸ்லீவ், அதாவது மெல்லிய உறை, நூறு வாங்கினாலும் ஒரு பீட்சா விலை ஆகாது. நல்ல கார்டுக்கு முதலில் ஸ்லீவ், அதற்குமேல் டாப்லோடர் என்னும் கெட்டி உறை. ஸ்லீவ் இல்லாமல் நேராக டாப்லோடரில் சொருகினால் மூலை தேயும், உள்ளே தூசி இருந்தால் கோடு விழும். ஆல்பம் என்றால் பக்கவாட்டில் சொருகும் பை உள்ளது நல்லது, வளையம் வைத்த ஃபைல் வேண்டாம், அந்த இரும்பு வளையம் முதல் வரிசைக் கார்டுகளை அழுத்தி அச்சு பதித்துவிடும். படுக்கவைத்து மேலே நாலு புத்தகம் ஏற்றாமல், அலமாரியில் நிற்கவைக்க வேண்டும்.

பி.எஸ்.ஏ. மாதிரி நிறுவனங்கள் மூடி முத்திரை போட்டுத் தரும் கண்ணாடி போன்ற பெட்டியில் இருந்தால் கவலையில்லை என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது தண்ணீர் புகாத பெட்டி இல்லை, காற்றும் ஈரமும் மெல்ல உள்ளே போகும், ஃபாயில் கார்டு அதற்குள்ளேயே வில்லாக வளைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் எங்கே வைப்பது? பரணில் வேண்டாம், மேலே கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய வெயிலை நடுராத்திரி வரை இறக்கிக்கொண்டிருக்கும். மேற்குச் சுவரை ஒட்டி வேண்டாம், குளியலறைச் சுவர், சமையலறைச் சுவர் இரண்டும் வேண்டாம். வீட்டின் நடுவில் உள்ள அறையில், வெளிச்சுவர் அல்லாத ஒரு சுவரின் பக்கம் உள்ள அலமாரியில், இடுப்புக்கு மேல் தலைக்குக் கீழ் உள்ள தட்டில் வையுங்கள். இடுப்புக்கு மேல் என்று சொல்வது ஏன் என்று 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கட்டிலுக்கு அடியில் வைத்த சூட்கேஸ்தான் முதலில் மிதந்தது. காரில் வைத்து மறந்துவிடாதீர்கள், மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே அறுபது டிகிரியைத் தொடும்.

வெள்ளம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். கார்டு நனைந்துவிட்டால் கட்டாக அப்படியே காயவிடக் கூடாது. வழவழப்புப் பூசிய காகிதம் ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்று காய்ந்தால் பசை போட்டது போல் ஒட்டிவிடும், அப்புறம் எந்த வித்தையாலும் பிரியாது. ஈரமாக இருக்கும்போதே உறையிலிருந்து எடுத்து, நல்ல தண்ணீரில் சேறு போக மெல்ல அலசி, ஒவ்வொன்றாகப் பிரித்து, படம் மேலே இருக்கும்படி பழைய பருத்தி வேட்டியில் பரப்பி, மின்விசிறிக் காற்று நேராக அடிக்காமல் நிழலில் காயவிட வேண்டும். நூற்றுக்கணக்கில் நனைந்து, உடனே பிரிக்க நேரமும் இடமும் இல்லாவிட்டால், பிளாஸ்டிக் பையில் இறுக்கிப் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம், பூஞ்சணம் அங்கே வளராது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பிரிக்கலாம். ஆவணக் காப்பகங்களில் நனைந்த புத்தகத்துக்குச் செய்வதும் இதுதான். ஃபிரிட்ஜுக்கு இந்த விஷயத்தில் உள்ள வேலை அது ஒன்றுதான்.

வெளிச்சம் பற்றி இரண்டே வரி. சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினால் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், நீலம் மட்டும் மிஞ்சும், பழைய சலூன் வாசலில் வெயில் பட்ட சினிமாப் படம் போல. வெளுத்தது திரும்ப வராது.

பாச்சை உருண்டைக்கு வருகிறேன். நாப்தலின் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும், மூடிய டப்பாவுக்குள் உறையும் பெட்டியும் பிசுபிசுத்துப்போக அது போதும். அதைவிட, பிள்ளைகள் தினம் திறந்து முகர்கிற டப்பாவில் அந்த நச்சை ஏன் வைக்க வேண்டும்? கார்டைத் தின்பது பெரும்பாலும் வெள்ளிநிறத்தில் ஓடும் இராமபாணப் பூச்சியும் கரையானும்தான். இராமபாணத்துக்கு ஈரம் வேண்டும், ஈரத்தை ஒழித்தால் அதுவும் போய்விடும். கரையான் சுவரிலிருந்து வரும், அதனால் அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். பச்சை வேப்பிலை போடுகிறார்கள், அதில் உள்ள ஈரமே கெடுதல். எங்கள் அம்மா புத்தக அலமாரியில் வசம்பைத் துணியில் முடிந்து வைப்பார், டப்பாவுக்கு வெளியே அலமாரித் தட்டில் வைக்க அது போதும். ஏட்டுச்சுவடிக்கு எண்ணெய் தடவிக் காத்தார்களே என்று கேட்டால், பனையோலை வேறு, அச்சட்டை வேறு, கையில் ஒட்டியிருக்கும் எண்ணெயே கார்டுக்கு ஆகாது. முறுக்கு தின்ற கையோடு தொடாமல், சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, ஓரத்தைப் பிடித்து எடுக்கச் சொல்லிக்கொடுங்கள்.

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை அன்று புத்தகங்களோடு கார்டு டப்பாவையும் கொலுப் படிக்குப் பக்கத்தில் வைக்கிறோம். மறுநாள் விஜயதசமியில் எடுக்கும்போது ஒவ்வொரு டப்பாவையும் திறந்து, முகர்ந்து, மானியைப் பார்த்து, சிலிக்காவை மாற்றிவிடுவோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சரியாக முன்னால் வருகிற நாள் அது. அப்புறம் பொங்கலுக்கு ஒரு தடவை. வருஷத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம். அதற்கு மேல் இதில் பெரிய வேலை இல்லை.

பத்து ரூபாய் பாக்கெட்டில் வரும் போலிக் கார்டுகளுக்கும் இதெல்லாம் தேவையா என்று சிலர் கேட்கலாம். தங்க நிறத்தில் பிளாஸ்டிக்கில் வருகிறதே, அது நமத்துப்போகாது. அட்டையில் வருவது போலியானாலும், ஒரு குழந்தை அதைத் தினம் எண்ணிப் பார்த்துத் தூங்கப்போகிறது. அதை ஏன் கெட்டுப்போக விட வேண்டும்?

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் இதுதான். அந்தக் கட்டத்தில் வந்த மூன்று யோசனைகளையும் திருத்தி, அதே சிறுவர் இணைப்பில், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் மட்டும் வந்தால் பெரியவர்கள்தான் படிப்பார்கள், கார்டு வைத்திருக்கிற பிள்ளைகள் கண்ணில் படாது. கடைக்காரர்களுக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், பாக்கெட்டுகளை வாசல் வெயிலில் சரமாகத் தொங்கவிடாமல் உள்ளே வைக்கச் சொல்லி, பி.வி.சி. இல்லாத ஸ்லீவையும் பக்கத்தில் வைத்து விற்கச் சொல்லி. லேமினேஷன் கடை வைத்திருக்கும் என் தொழில்காரர்களுக்கும் சொல்கிறேன், பிள்ளைகள் கார்டோடு வந்தால் மெஷினை ஓட்டாதீர்கள், ஒரு ஸ்லீவ் கொடுத்து அனுப்புங்கள். அடுத்த இரண்டு ஞாயிறுக்குள் வந்தால் நல்லது, மழை இறங்குவதற்குள் பிள்ளைகள் தயாராகிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவான்மியூர், சென்னை.